பஸ் கம்பிகளை வரிசை மாற்றினேன், பவர் ஒரு துளிகூடக் குறையவில்லை. எங்கே தப்பு?

வெள்ளிப்பட்டறை | வியாழன், இரவு 9:40

வணக்கம். சேலத்தில் எம்.இ. விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு செவ்வாய்ப்பேட்டை. சிப்பில் எந்த சிக்னல் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்று எண்ணிப் பார்த்து, அதை வைத்துக் கம்பிகளுக்கு இடம் ஒதுக்குவதுதான் என் புராஜெக்ட்.

டிசைன் சின்னதுதான். ஒரு எஃப்ஐஆர் ஃபில்டர் (சிக்னலைச் சலிக்கும் சர்க்யூட்), அதிலிருந்து நீளமாக ஓடும் 8 பிட் டேட்டா பஸ், அதாவது பக்கம் பக்கமாக எட்டுக் கம்பி. 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் பிடிகேயை (சிப் தயாரிப்பு விதிகளின் தொகுப்பு) பயன்படுத்துகிறேன். சிமுலேஷனில் டெஸ்ட்பெஞ்ச் ஓட்டி, சிக்னல் மாற்றங்களைப் பதியும் விசிடி பைல் எடுத்தேன். ஒவ்வொரு பிட்டும் எத்தனை முறை டாகிள் ஆகிறது (0, 1 என்று மாறுகிறது) என்று எண்ணி, அதிகம் ஆடுவதையும் குறைவாக ஆடுவதையும் மாற்றி மாற்றி அடுக்கினேன். ஆடுகிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே அமைதியான ஒன்று இருந்தால் கிராஸ்டாக் (ஒரு கம்பியின் ஆட்டம் அடுத்ததில் தொற்றுவது) குறையும், பவரும் குறையும் என்பது கணக்கு.

பவர் ரிப்போர்ட்டில் மூன்றாவது தசமம்வரை பழைய எண்ணே நிற்கிறது. கைடு பார்த்துவிட்டு, "நிஜமாகவே மாற்றினாயா, இல்லை பழைய பைலையே ஓட்டினாயா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள் வைவா. யாராவது சொல்லுங்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டு | வியாழன், இரவு 9:52

தலைப்பைப் பார்த்து ஏற்காடு பஸ் டைமிங்கை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தேன். போகிறேன்.

கருப்பூர் இசிஇ | வியாழன், இரவு 10:15

தம்பி, விசிடியில் வந்த டாகிள் எண்ணிக்கையை இங்கே போடு. எட்டு பிட்டுக்கும்.

வெள்ளிப்பட்டறை | வியாழன், இரவு 10:31

தம்பி இல்லைங்க, தங்கச்சி. ஆயிரம் சாம்பிளுக்கு, கீழ் பிட்டிலிருந்து: 507, 495, 502, 489, 511, 498, 504, 493.

கருப்பூர் இசிஇ | வியாழன், இரவு 10:34

இன்புட்டை வெரிலாக் மொழியின் ரேண்டம் கட்டளையில்தானே கொடுத்தாய்?

ரேண்டம் கொடுத்தால் எந்த பிட்டும் பாதி நேரம் மாறும், பாதி நேரம் மாறாது. ஆயிரத்துக்கு ஐந்நூறு, அவ்வளவுதான். 495க்கும் 507க்கும் இடையில் உயர்வு தாழ்வு பார்த்தா வரிசை போட்டாய்? சுண்டிப்போட்ட காசில் தலை விழுந்ததை எண்ணி அடுக்கியது மாதிரி இருக்கிறது. நிஜமான சிக்னல் கொடு. ஃபில்டர் என்கிறாய், ஏதாவது ஒரு ஒலிப்பதிவை உள்ளே விடு.

தறிநாடா | வியாழன், இரவு 11:05

ஒலிதானே வேண்டும்? அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் போனை வைத்தால் போதும், பக்கத்து விசைத்தறி சத்தம் தானாக ஏறிவிடும். காலையில் அனுப்புகிறேன்.

அடிவாரம் லேஅவுட் | வெள்ளி, காலை 6:20

பதினேழு வருடம் பெங்களூரில் சிப் லேஅவுட் போட்டுவிட்டு, இப்போது கோரிமேட்டுப் பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கருப்பூர்காரர் சொன்னது சரி. ஆனால் அது பாதிதான். நீ நிஜ சிக்னல் கொடுத்திருந்தாலும் ரிப்போர்ட் நகர்ந்திருக்காது. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் கம்பியின் உருவம். நீ பயன்படுத்துகிற பிடிகேயில் மெட்டல் 1 என்னும் கம்பி அடுக்கில் குறைந்தபட்ச அகலம் 0.14 மைக்ரான். இடைவெளியும் 0.14. உயரம் மட்டும் சுமார் 0.36. தரையில் படுத்திருக்கும் பட்டை என்று நினைத்துக்கொள்ளாதே, செங்குத்தாக நிறுத்தி வைத்த பலகை அது. இரண்டு பலகையை நெருக்கி நிறுத்தினால் எதிரெதிர் முகம் பெரிது, நடுச்சந்து சின்னது. அதனால் கீழே இருக்கிற தரையைவிடப் பக்கத்துக் கம்பியோடுதான் கபாசிடன்ஸ் (சார்ஜ் தேங்கும் அளவு) அதிகம். சந்தை இரட்டிப்பாக்கினால் அந்தப் பக்கத்துக் கபாசிடன்ஸ், அதாவது கப்ளிங், ஏறத்தாழ பாதியாகும்.

ஒரு கம்பி ஒருமுறை மாறும்போது இரண்டு பக்கச் சந்துகளையும் சார்ஜ் செய்ய வேண்டும். ஆக ஒரு சந்துக்கு ஆகும் செலவு, அதன் இரு கரையிலும் இருக்கிற கம்பிகளின் டாகிளைக் கூட்டி, சந்தின் அகலத்தால் வகுத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஆடுகின்றன என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இப்போது நான்கு கம்பி எடு. இரண்டு 8 முறை ஆடும், இரண்டு 1 முறை ஆடும். இரண்டு ஓரத்திலும் சுவர் மாதிரி, மாறாத விடிடியும் (சப்ளை கம்பி) கிரவுண்டும். மொத்தம் ஐந்து சந்து. எல்லாச் சந்துக்கும் சேர்த்து 12 அலகு இடம் இருக்கிறது.

நீ செய்தது 8, 1, 8, 1. சந்துகளின் எடை: 8, 9, 9, 9, 1. கூட்டினால் 36. சம இடைவெளி என்றால் ஒவ்வொன்றும் 2.4. செலவு 36 வகுத்தல் 2.4, அதாவது 15.

இதையே 1, 8, 8, 1 என்று மாற்று. எடை: 1, 9, 16, 9, 1. கூட்டினால் மறுபடியும் அதே 36. செலவு மறுபடியும் 15.

தெரிகிறதா? சம இடைவெளியில் எப்படி அடுக்கினாலும் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு சந்துதான், இரண்டும் ஒரே அகலம்தான். வரிசை மாற்றினால் எதுவும் மாறாது. உன் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை.

இனி இடைவெளியை மாற்று. மொத்த இடம் நிலையாக இருக்கும்போது, செலவு மிகக் குறைவது எப்போது என்றால், சந்தின் அகலம் அதன் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கும்போது. 1, 8, 8, 1க்கு வர்க்கமூலங்கள் 1, 3, 4, 3, 1. கூட்டினால் சரியாக 12. அப்படியே அலகாக வைத்துக்கொள். செலவு 1 + 3 + 4 + 3 + 1 = 12. பதினைந்திலிருந்து பன்னிரண்டு.

உன் 8, 1, 8, 1 வரிசைக்கும் இதே மாதிரி இடைவெளியைச் சீராக்கினால் 13.7தான் வரும். நடுவில் இருக்கிற அந்த 4 அலகுச் சந்தைப் பார். ஒரே சந்து, இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் பயன்படுகிறது. நீ பிரித்து வைத்தால் ஆளுக்கு ஒன்று தனியாக வாங்கித் தர வேண்டும்.

அதனால் அதிகம் ஆடுவதை நடுவில் வை, குறையக் குறைய இரண்டு பக்கமும் இறங்கு. இஸ்ரேலின் டெக்னியான் ஆராய்ச்சியாளர்கள் இதற்குச் சமச்சீர் குன்று என்றே பெயர் வைத்து நிரூபித்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் தெரிகிற ஊரில் இந்த வடிவம் மறக்காது.

வெள்ளிப்பட்டறை | வெள்ளி, காலை 8:10

அண்ணா, இதை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை நோட்டில் போட்டுப் பார்த்தேன், 36தான் வருகிறது. இரண்டு மாதம் வீண்.

ஒரு சந்தேகம். 1 அலகு என்பது 0.14 மைக்ரானுக்குக் கீழே போகக் கூடாது இல்லையா?

அடிவாரம் லேஅவுட் | வெள்ளி, காலை 8:25

ஆமாம். அதனால் ஐந்து சந்தும் ஏற்கெனவே 0.14இல் இறுக்கிக் கிடந்தால் நீ எதுவும் செய்ய முடியாது. எங்காவது கொஞ்சம் காலி இடம் இருக்க வேண்டும், அதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன கணக்கில் 12 அலகு என்றால் 1.68 மைக்ரான். சமமாகப் பிரித்தால் சந்துக்கு 0.336.

தறிநாடா | வெள்ளி, காலை 10:45

ஒலிப்பதிவு அனுப்பிவிட்டேன். நடுவில் எங்கள் பாட்டி யாரையோ திட்டுகிறார், வெட்டிக்கொள்ளவும்.

அடிவாரத்தாரோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பவர், பவர் என்று அதையே பார்த்துக் கம்பி போட்டால் ஒருநாள் மாட்டுவோம். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு ரீசெட் கம்பி. அது மாறுவதே இல்லை. சிப்புக்கு உயிர் வரும்போது ஒருமுறை மாறும், அதோடு சரி. டாகிள் சுழியம் என்பதால், அதை ஆடுகிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஷீல்டு மாதிரி ஓட்டிவிட்டார்கள். இலவசமாக ஒரு ஷீல்டு கிடைத்தது என்று அன்று எல்லோருக்கும் சந்தோஷம். நானும் சேர்ந்துதான் கைதட்டினேன்.

சிப் வந்தது. சில போர்டுகளில் சூடு ஏறினால் தானாக ரீசெட் ஆகிறது. எல்லா போர்டிலும் இல்லை, எல்லா நேரமும் இல்லை. சப்ளையைச் சந்தேகப்பட்டோம், சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட்டோம், போர்டில் ஈயம் வைத்தவரைக்கூடச் சந்தேகப்பட்டோம். ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டு பக்கக் கம்பியும் ஒரே நேரத்தில் மேலே ஏறும்போது நடுவில் இருக்கிற ரீசெட்டிலும் ஒரு சின்ன மேடு எழும்புகிறது என்று. அந்தக் கம்பியின் டிரைவர் (அதை இயக்கும் சர்க்யூட்) வலுவில்லாதது, வெகுதூரத்தில் இருந்தது. இழுத்துப் பிடிக்க அதற்குச் சக்தியில்லை. மெட்டல் மாஸ்க்கை மட்டும் திருத்தி, ரீசெட்டை நகர்த்தினோம்.

விடிடி அமைதியாக இருக்கிறது என்றால் அதைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்கிறது. சும்மா இருக்கிற சிக்னலுக்கு அந்த ஆள் கிடையாது. டாகிள் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே 0 போடுகிறோம், அங்கேதான் வினை.

அடிவாரம் லேஅவுட் | வெள்ளி, மதியம் 1:30

சண்டைக்கே இடமில்லை. நீங்கள் சொல்கிற ரீசெட், தங்கச்சியின் 8, 1, 8, 1 வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்ட 1தான். குன்று வரிசையில் அது ஓரத்துக்குப் போய்விடும், ஒரு பக்கம் சுவர் கிடைக்கும். நாய்ஸுக்கும் நல்லதுதான்.

தறிநாடா | வெள்ளி, மதியம் 1:48

நாய்ஸை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். பக்கத்துக் கம்பி நம் கூடவே அதே திசையில் மாறினால் நடுச்சந்து கபாசிடன்ஸ் இல்லாத மாதிரி. அது சும்மா இருந்தால் ஒரு பங்கு. எதிர்த் திசையில் மாறினால் இரண்டு பங்கு. ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு பஸ் ஏறினால் அதன் பின்னாலேயே போய்விடலாம். எதிரே ஒன்று இறங்கினால் நின்று, ஒதுங்கி, அப்புறம்தான் நகரவேண்டும்.

இப்போது உங்கள் குன்று வரிசையில் மோசமான நிலையைப் போட்டுப் பாருங்கள். ஆடுகிற கம்பிக்கு இரு பக்கமும் 4, 3 அலகு. பக்கத்தவர்கள் எதிர்த் திசையில் மாறினால் சுமை 2/4 + 2/3, அதாவது 1.17. சம இடைவெளியில் 1.67 இருந்தது. லாபம். ஓரத்தில் இருக்கிற அமைதியான கம்பி? சுவர்ப் பக்கம் 1/1, மறுபக்கம் 2/3, மொத்தம் 1.67. சம இடைவெளியில் அதற்கு 1.25தான். ஆடுகிறவனுக்கு விரித்துக் கொடுத்த இடம் இவனிடமிருந்து பிடுங்கியது. எப்போதோ ஒருமுறை மாறுகிற அந்தக் கம்பிதான் கிரிட்டிக்கல் பாத்தில் (சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் மிகத் தாமதமான பாதையில்) இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் பார்த்தவரை அப்படித்தான் இருக்கும்.

அடிவாரம் லேஅவுட் | வெள்ளி, மதியம் 2:05

இது சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கம்பிக்கு ஒரு கீழ் எல்லை கட்டி, மிச்ச இடத்தை மட்டும் வர்க்கமூலத்தில் பங்கு போட வேண்டும். அப்போது 12 வராது, பன்னிரண்டரையோ பதிமூன்றோ வரும்.

பழைய பஸ் ஸ்டாண்டு | வெள்ளி, மதியம் 2:11

நான் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை, இப்போது ஏற்காடு பஸ் வந்துவிட்டது பாருங்கள்.

மிளகுக்கொடி | வெள்ளி, இரவு 8:30

ஏற்காட்டிலிருந்து. மாலையெல்லாம் மழை, கரண்ட் இப்போதுதான் வந்தது. மேலே எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். "சம்பந்தமில்லாமல் ஆடுகின்றன" என்று அடிவாரத்தார் ஒரு வரி எழுதினாரே, அந்த வரி இந்தப் பெண்ணின் பஸ்ஸுக்குப் பொருந்தாது.

சந்தில் சேரும் செலவு இரு கம்பிகளின் வோல்டேஜ் வித்தியாசம் எவ்வளவு மாறுகிறதோ அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்று மட்டும் மாறினால் 1. இரண்டும் சேர்ந்து ஒரே திசையில் மாறினால் 0. எதிர்த் திசையில் ஒரே நேரத்தில் மாறினால் 4. அதே எதிர் மாற்றம் கொஞ்சம் முன்பின்னாக நடந்தால் 1 + 1, அதாவது 2. ஆகவே ஒவ்வொரு கம்பியும் எத்தனை முறை ஆடுகிறது என்று தனித்தனியாக எண்ணினால் போதாது, ஜோடி ஜோடியாக எண்ண வேண்டும்.

உன் டேட்டா டூஸ் காம்ப்ளிமென்ட்தானே (மைனஸ் எண்களையும் எழுதும் பைனரி முறை)? ஒலி சின்னதாக இருக்கும்போது +3 என்பது 00000011, −2 என்பது 11111110. சுழியத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மேல் பிட்டுகள் எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் மாறும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கமாக வைத்தால் அவர்களுக்குள் செலவே இல்லை. நீ டாகிள் எண்ணிக்கையைப் பார்த்து அவர்களைப் பிரித்து, நடுவில் கீழ் பிட்டைச் சொருகினால், சும்மா கிடைத்ததைத் தூக்கி எறிகிறாய்.

எல்லா பஸ்ஸும் இப்படி இல்லை. ஒவ்வொன்றாக எண்ணும் கவுண்டர் சர்க்யூட்டை எடுத்துக்கொள். 8 பிட் கவுண்டர் ஒரு சுற்று வந்தால் கீழ் பிட் 256 முறை, அடுத்தது 128, அப்படியே பாதி பாதியாகக் கடைசி பிட் 2 முறை. ஒரு மேல் பிட் மாறும் நேரத்தில் கீழே இருப்பவை எல்லாம் 1இலிருந்து 0க்கு விழும். ஆனால் அந்த மேல் பிட் பாதி தடவை ஏறும், பாதி தடவை இறங்கும். ஆக 4உம் 0உம் சம தடவை வந்து சராசரி 2இல் நிற்கும். அங்கே அடிவாரத்தாரின் கணக்கு அப்படியே செல்லும். ஒரு தாள் எடுத்து 000இலிருந்து 111வரை எழுதிப் பார், எனக்கு இது இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

வெள்ளிப்பட்டறை | வெள்ளி, இரவு 11:50

அக்கா, தறிச் சத்தத்தை 8 பிட்டாக்கி ஓட்டினேன். நாடா அடிக்கும்போது அலை பெரிதாக எழும்புகிறது, இரண்டு அடிக்கு நடுவே சின்னதாக நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது. மேலே நான்கு பிட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே மாறுகின்றன. கீழே மூன்றும் வழக்கம்போல ஆயிரத்துக்கு ஐந்நூறு.

ஆனால் மேல் நான்கையும் இறுக்கி வைத்தபோது பவர் ரிப்போர்ட் ஏறுகிறதே?

மிளகுக்கொடி | சனி, காலை 7:05

ஏறத்தான் செய்யும். அந்த ரிப்போர்ட் பொதுவாக நெட்டின் (ஒரு கம்பி இணைப்பின்) மொத்தக் கபாசிடன்ஸை எடுத்து அதன் டாகிளால் பெருக்கும். கப்ளிங்கையும் தரைக்குப் போவது மாதிரியே எண்ணும். இரண்டு பேர் சேர்ந்து நகர்ந்தார்களா, எதிர்த்து நகர்ந்தார்களா என்று அதற்குத் தெரியாது. என்ஜிஸ்பைஸ் சர்க்யூட் சிமுலேட்டரில் எட்டுக் கம்பியையும் கப்ளிங்கோடு போட்டு, அதே அலையைக் கொடுத்து, சப்ளை கரண்டை அளந்து பார். நேரம் பிடிக்கும். நூறு சாம்பிள் போதும், அடிக்கும் இடத்தில் பாதி, நடுக்கத்தில் பாதி.

கருப்பூர் இசிஇ | சனி, காலை 9:20

இவ்வளவு மெனக்கெடுவதற்கு பதில் கோடிங் போடலாமே. கவுண்டர் என்றால் கிரே கோடு, ஒரு எண்ணுக்கு ஒரே ஒரு டாகிள். டேட்டா என்றால் 1995இல் ஸ்டானும் பர்லசனும் சொன்ன பஸ் இன்வர்ட். பாதிக்கு மேல் பிட் மாறப்போகிறது என்றால் எல்லாவற்றையும் தலைகீழாக்கி அனுப்பு, தலைகீழ் என்று சொல்ல ஒரு கம்பி கூடுதல். 8 பிட்டில் ஒரு தடவைக்கு 4க்கு மேல் மாறவே மாறாது.

அடிவாரம் லேஅவுட் | சனி, காலை 9:41

தலைப்பு கம்பிகளுக்கு இடம் ஒதுக்குவது. வைவாவில் கோடிங் என்று வாயைத் திறந்தால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். தவிர, பஸ் இன்வர்ட் போட்டால் கைகோத்துப் போகிற மேல் பிட்டுகளின் பழக்கமும் கெடும். எதைத் தொட்டாலும் டாகிள் கணக்கை மறுபடி எடுக்க வேண்டும்.

இன்னொன்று, மிளகுக்கொடியிடம். மேல் நான்கு ஒரு கட்டு, கீழ் மூன்று ஆட்டக்காரர்கள் என்றால் குன்றை நடுவில் கட்டவா, ஒரு பக்கமாகச் சரிக்கவா? நடுவில் கட்டினால் அந்தக் கட்டை இரண்டாக உடைத்து இரு ஓரத்துக்கும் அனுப்ப வேண்டும்.

மிளகுக்கொடி | சனி, காலை 10:15

சரித்துவிடலாம் என்பது என் கட்சி. கட்டை உடைக்காதே, ஒரு ஓரத்தில் சுவரை ஒட்டி இறுக்கு. அதில் மிச்சமாகும் இடத்தை எல்லாம் கீழ் பிட்டுகளுக்குக் கொடு. கட்டை உடைத்தால் சும்மா கிடைக்கிற மூன்று சந்தில் ஒன்று போய்விடும். கட்டின் எல்லையில் இருக்கிற சந்துக்கு மட்டும் நல்ல அகலம் வேண்டும், அங்கேதான் ஒழுங்கானவனும் ஒழுங்கில்லாதவனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

வெள்ளிப்பட்டறை | அடுத்த வியாழன், இரவு 10:20

ஓடி முடிந்தது. என்ஜிஸ்பைஸ் ஒரு வரிசைக்கு நாற்பது நிமிடம் எடுத்தது, அதற்குள் அப்பாவுக்குக் கொலுசுக் கண்ணி எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

சம இடைவெளியோடு ஒப்பிட்டால் சரித்த வரிசையில் கரண்ட் குறைகிறது. ஆனால் அண்ணா சொன்ன 15க்கு 12 என்கிற அளவு இல்லை. அதில் பாதிக்கும் கொஞ்சம் கீழேதான்.

அடிவாரம் லேஅவுட் | வியாழன், இரவு 10:32

சந்துகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்குத்தான் அது. தரைக்குப் போகிற கபாசிடன்ஸ் குறையவே குறையாது, டிரைவரின் செலவும் உண்டு. சந்து அகலமாக ஆக, கப்ளிங் தலைகீழ் விகிதத்தில் குறைவதும் நின்றுவிடும், ஓரக் கோடுகள் சுற்றிக்கொண்டு போகும். பாதி வந்தால் நல்ல எண். வைவாவில் முழு 20 சதவீதம் வந்தது என்று சொல்லியிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

கேலேஅவுட்டில் (லேஅவுட் பார்க்கும் மென்பொருள்) ஒரு படம் எடுத்துப் போடு, பார்க்கலாம்.

வெள்ளிப்பட்டறை | வியாழன், இரவு 10:50

[படம்] வலது ஓரத்தில் இறுக்கமாக நான்கு, அதுதான் மேல் பிட்டுகள். அப்புறம் விரிய ஆரம்பிக்கும். இடது ஓரத்தில் கடைசிக் கம்பி கீழ் பிட், அதற்கு அந்தப் பக்கம் சுவர்.

தறிநாடா | வியாழன், இரவு 10:58

பாட்டியின் திட்டெல்லாம் இப்படி அழகாக வரிசையில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் ராயல்டி கேட்பார்.

மிளகுக்கொடி | வியாழன், இரவு 11:04

இடது ஓரச் சுவர் என்கிறாயே, அது வலதில் இருக்கிற விடிடியைவிட ஒல்லியாக இருக்கிறது. அது என்ன நெட்?

வெள்ளிப்பட்டறை | வியாழன், இரவு 11:12

ஒரு நிமிடம், பார்க்கிறேன்.

வெள்ளிப்பட்டறை | வியாழன், இரவு 11:15

கிளாக்.

அடிவாரம் லேஅவுட் | வியாழன், இரவு 11:16

ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு முறை மாறுகிறது, அதைச் சுவர் என்று வைத்திருக்கிறாய்! அதுதான் குன்றின் உச்சி. திங்கள்தானே வைவா, மூன்று நாள் இருக்கிறது. நடுவில் ஒரு கிரவுண்டு கம்பியை ஓட்டிவிட்டு மறுபடி ஓட்டு.

வெள்ளிப்பட்டறை | வியாழன், இரவு 11:19

நாற்பது நிமிடம். ஓட்டிவிட்டேன், காத்திருக்கிறேன்.